சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு ஆட்டோபைலட் வாங்கப் போகிறீர்களா? சர்வோவிலிருந்து தொடங்குங்கள்

விமானத்தின் உடல் ஓரளவு உருவம் பெற்று, இறக்கைகள் ஸ்டாண்டில் ஏறியதும் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வரும். அட்டையில் பேனல் வரைகிற காய்ச்சல். இங்கே பெரிய திரை, அங்கே ரேடியோ, நடுவில் பளபளவென்று ஆட்டோபைலட் பொத்தான்கள் என்று நடுராத்திரி வரை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆட்டோபைலட் என்றால் அந்தப் பொத்தான்கள் உள்ள சின்னப் பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தப் பெட்டியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் பணமும் நிறைய எரிச்சலும்தான் நஷ்டம். இருக்கைக்கு அடியிலோ இறக்கைக்குள்ளோ யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிற சர்வோ மோட்டாரில் தவறு செய்தால், ஒரு நாள் நீங்கள் விமானத்தைத் திருப்பப் பிடிக்கிற கட்டுப்பாட்டுக் கோலே, அதாவது ஸ்டிக்கே பூட்டிக்கொள்ளும்.

அதனால் இங்கே அழகான திரைகளைப் பற்றிக் கொஞ்சமாகவும், கையில் கிரீஸ் படுகிற பகுதிகளைப் பற்றி நிறையவும் சொல்லப் போகிறேன்.

எந்த ஆட்டோபைலட்டையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்த உயரத்தில் எந்தத் திசையில் போகிறது என்று உணர்கிற சென்சார்கள். நீங்கள் கேட்டதற்கும் இப்போது நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகிற மூளை. அந்தக் கணக்கின்படி ஸ்டிக்கைத் தள்ளுகிற கை, அதாவது சர்வோ. முதல் இரண்டும் இன்று விரல்நுனி அளவு சில்லுகளுக்குள் சுருங்கிவிட்டன. மூன்றாவது இன்னும் மோட்டாரும் பல்சக்கரமும் போல்ட்டும்தான். 1914-ல் பாரிஸ் அருகே லாரன்ஸ் ஸ்பெர்ரி தன் ஜைரோ கருவியைக் காட்ட, பறந்துகொண்டிருக்கும்போதே இரண்டு கைகளையும் மேலே தூக்கினார், அவருடைய மெக்கானிக் எழுந்து இறக்கையின் மேல் நடந்து போனார், விமானம் தானாகவே சமன் செய்துகொண்டது. இன்று நாம் வாங்குவதும் அதே வேலையைச் செய்கிற சாமான்தான், கொஞ்சம் சின்னதாக.

படி 1: எந்த நாளுக்காக வாங்குகிறீர்கள்?

"எனக்கு ஆட்டோபைலட் வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். எப்படிப்பட்ட பறப்பில் அது உங்களுக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு அதே ஓடுபாதைக்குத் திரும்புகிறவருக்கும், மூன்று நான்கு மணி நேரம் நேர்கோட்டில் போகிறவருக்கும், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி இறங்கி வருகிறவருக்கும் தேவை ஒன்றில்லை.

முதல் வகையினரில் பலர் "எனக்கெல்லாம் எதற்கு, ஓட்டுகிற சுகத்துக்காகத்தானே கட்டுகிறேன்" என்பார்கள். நியாயம்தான். ஆனால் அவர்களிடம் நான் எப்போதும் ஒரு பழைய பரிசோதனையைச் சொல்வேன். 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை ஒரு பீச்கிராஃப்ட் பொனான்ஸாவில் உட்காரவைத்து, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடி, மூன்று நிமிஷம்கூட இல்லை. எல்லோரும் விமானம் ஓட்டத் தெரியாதவர்கள் என்பதால் இது நடக்கவில்லை. சாய்வை உணர்வதில் நம் உள்காது பொய் சொல்லும் என்பதால் நடந்தது. அந்த ஆய்வின் நோக்கமே, மேகத்தில் மாட்டிக்கொண்டவர் 180 டிகிரி திரும்பி வந்த வழியே வெளியேற ஓர் எளிய முறையைக் கற்றுக்கொடுப்பதுதான். இன்றைய பல ஆட்டோபைலட்டுகளில் ஒரே பொத்தானை அழுத்தினால் இறக்கைகள் சமமாகும், சிலவற்றில் 180 டிகிரி திருப்பமும் தானாக நடக்கும். வெயில்காலப் பறவைக்கு வேண்டியது இந்தப் பொத்தான் மட்டும்தான். மற்றதெல்லாம் சௌகரியம்.

படி 2: ஒன்றா, இரண்டா, மூன்றா?

சர்வோக்களின் எண்ணிக்கையைத்தான் அச்சு என்கிறோம். இறக்கையின் பின்னோரத்து எய்லரானை ஆட்டி விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிற ரோல் சர்வோ மட்டும் இருந்தால் ஓர் அச்சு. வாலில் உள்ள எலிவேட்டரை ஆட்டி மூக்கை ஏற்றி இறக்குகிற பிட்ச் சர்வோவும் சேர்ந்தால் இரண்டு. வாலின் செங்குத்துத் துடுப்பான ரட்டருக்கு, வால் பக்கவாட்டில் ஆடாமல் அடக்குகிற யா டேம்பர் போட்டால் மூன்று.

பணமோ எடையோ ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால், ரோல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் விமானத்தின் இயல்பிலேயே இருக்கிறது: ஒழுங்காக ட்ரிம் செய்த, அதாவது ஸ்டிக்கை விட்டாலும் ஒரே வேகத்தில் போகும்படி சரிசெய்த விமானத்தின் மூக்கு மேலே கிளம்பினால் வேகம் குறையும், மூக்கு தானே இறங்கும், கீழே போனால் வேகம் கூடி மறுபடி எழும். கொஞ்சம் ஊஞ்சலாடினாலும் தன் வேகத்துக்குத் திரும்பி வந்துவிடும். சாய்வுக்கு அப்படி ஒரு தாயகம் கிடையாது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் பல விமானங்கள் அப்படியே நிற்கும், அல்லது மெதுவாக இன்னும் சாயும், சாயச் சாய மூக்கு இறங்கும், வேகம் ஏறும். மேலே சொன்ன 178 விநாடியின் கதை பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

நீண்ட தூரம் போகிறவர்கள் இரண்டு அச்சும் போட்டுவிடுங்கள். உயரத்தைப் பிடித்து வைத்திருக்கும் வேலை உடம்பைவிட மூளையைத்தான் சோர்வாக்கும், வரைபடம் பார்க்கக் குனிந்த நேரத்தில் 200 அடி போயிருக்கும். யா டேம்பர்? கொந்தளிப்பில் வால் நெளிகிற விமானமாக இருந்தால், அதுவும் பின்னிருக்கைக்காரர் புகார் சொன்னால், அப்போது பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான சின்ன விமானங்களுக்குத் தேவைப்படாது.

படி 3: திரையோடு சேர்ந்ததா, தனியாக நிற்பதா?

டைனான் ஸ்கைவியூ, கார்மின் ஜி3எக்ஸ் டச், ஜிஆர்டி, எம்ஜிஎல் போன்ற மின்னணுத் திரைகளில் ஆட்டோபைலட்டின் மூளை ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. திரைக்குத்தான் சாய்வும் உயரமும் தெரியுமே, அதே தகவலை வைத்து சர்வோவையும் ஓட்டிவிடலாம் என்பது கணக்கு. நீங்கள் வாங்க வேண்டியது சர்வோக்களும், விருப்பப்பட்டால் ஒரு பொத்தான் பலகையும். மலிவு, வயரிங் குறைவு, எல்லாம் ஒரே மொழியில் பேசும்.

மற்ற வகை, ட்ரியோ ப்ரோ பைலட், ட்ரூட்ராக் விஷன் போல, தனக்கென்று சொந்தச் சென்சார்களோடு பேனலில் தனியாக உட்காரும். ட்ரூட்ராக் 2019-ல் பெண்டிக்ஸ்கிங் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது, அதனால் பழைய பெயரில் தேடினால் குழம்பாதீர்கள்.

எதை எடுப்பது? ஒரே ஒரு திரையை வைத்துக்கொண்டு பார்வை மங்கும் வானிலையில் பறக்கும் உத்தேசம் இருந்தால், தனியாக நிற்பதையே நான் எடுப்பேன். திரை கருகிப்போகிற அந்த நேரத்தில்தான் ஆட்டோபைலட் உங்களுக்கு மிகவும் வேண்டியிருக்கும். திரையோடு சேர்ந்தது திரையோடு சேர்ந்தே போய்விடலாம். தனியானதாக இருந்தால் அது பாட்டுக்கு இறக்கைகளைச் சமமாக வைத்திருக்க, நீங்கள் மூச்சு விட்டு யோசிக்கலாம். இரண்டு திரையும், தனித்தனிச் சென்சார் பெட்டிகளும், காப்பு பேட்டரியும் இருக்கிறதென்றால் சேர்ந்ததே போதும்.

இதில் புதியவர்கள் விழுகிற பள்ளம் ஒன்று. "இறக்கையை மூடப் போகிறேன், சர்வோவை இப்போதே வாங்கி மாட்டிவிடுகிறேன், திரையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன்" என்று கிளம்புவார்கள். ஒரு நிறுவனத்தின் சர்வோ இன்னொன்றின் மூளையோடு பெரும்பாலும் பேசாது. விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை உங்கள் ஊகத்தால் முடிவு செய்யாதீர்கள். தயாரிப்பாளரின் நிறுவல் ஆவணத்தில் அந்த ஜோடி எழுத்தில் இருக்க வேண்டும். திரை முடிவாகும்வரை பிராக்கெட்டுக்கு இடம் விட்டு, வயரை மட்டும் இழுத்து, மூடி திறக்கக்கூடிய ஒரு ஜன்னல் வைத்து மூடுங்கள்.

படி 4: சர்வோ

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்தாலும் சரி.

முதல் கேள்வி: உங்கள் மாடலில் இந்த சர்வோ ஏற்கெனவே பறந்திருக்கிறதா? வேன்ஸ் ஆர்வி வரிசை போல ஆயிரக்கணக்கில் பறக்கிற கிட் விமானமாக இருந்தால், பிராக்கெட், கம்பி நீளம், போல்ட் வரை எல்லாம் ஒரு பையில் போட்டு விற்கிறார்கள். அது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள், சொந்த மூளையைக் காட்ட வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. வரைபடம் மட்டும் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கும், அரிதான மாடல் வைத்திருப்பவர்களுக்கும் அந்தச் சலுகை இல்லை. அவர்கள் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு கஷ்டமில்லை. சர்வோவின் முறுக்குவிசை அங்குல-பவுண்டில் சொல்லப்படும். 36 அங்குல-பவுண்டு சர்வோ, அதன் கையில், அதாவது மோட்டார் திருப்புகிற சின்ன நெம்புகோலில், சுழல்மையத்திலிருந்து 1.5 அங்குலத் தூரத்து ஓட்டையில் தள்ளுகம்பியை மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 36-ஐ 1.5-ஆல் வகுத்தால் 24 பவுண்டு விசை கம்பியில் கிடைக்கும். அந்தக் கம்பி ஸ்டிக்கின் சுழலச்சிலிருந்து 3 அங்குலத்தில் இணைகிறது, நீங்கள் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 15 அங்குலத்தில் இருக்கிறது என்றால், 24 பெருக்கல் 3 வகுத்தல் 15, அதாவது 4.8 பவுண்டு. சர்வோ முழுப் பலத்தோடு எதிர்த்தாலும் உங்கள் கை 5 பவுண்டு கொடுத்தால் ஜெயித்துவிடலாம். இந்த எண்ணைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் விமானத்தில் மிகப் பலவீனமான ஓட்டுநர், அவருடைய பலவீனமான கையால், இந்த விசையைத் தோற்கடிக்க முடிய வேண்டும்.

"பலம் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்ற நம் வழக்கமான புத்தி இங்கே உதவாது. வேலையைச் செய்யப் போதுமான சர்வோக்களில் மிகச் சின்னதை எடுங்கள். லாங்-ஈஸி போலப் பக்கவாட்டில் குட்டி ஸ்டிக் உள்ள விமானங்களில் பிடியின் நீளமே கொஞ்சம்தான், நெம்புகோல் லாபம் குறைவு, அதே சர்வோ அங்கே மல்லுக்கு நிற்கும்.

இப்போது இதே கணக்கின் மறுபக்கம், இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. விசை போதவில்லை என்று தோன்றினால், கம்பியை சர்வோ கையில் இன்னும் உள்ளே உள்ள ஓட்டைக்கு மாற்றலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். 1 அங்குல ஓட்டையில் அதே 36, கம்பியில் 36 பவுண்டாகிவிடுகிறது, சந்தோஷம். ஆனால் ஸ்டிக்கை ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளும்போது கம்பி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 1 அங்குலம் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 அங்குலக் கை அதற்குச் சுமார் 42 டிகிரி திரும்பினால் போதும். 1.2 அங்குலக் கை 56 டிகிரி திரும்பும். 1 அங்குலக் கையோ 90 டிகிரி திரும்பியாக வேண்டும், அங்கே கையும் கம்பியும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். சைக்கிள் பெடல் உச்சியில் நிற்கும்போது நேராக மிதித்தால் நகராதே, அதேதான். அந்தப் புள்ளியை ஒரு மயிரிழை தாண்டினால் கை மறுபக்கம் மடங்கி, நீங்கள் ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் கம்பி சர்வோவைப் பிடித்துத் தள்ளுமே தவிரத் திருப்பாது. ஸ்டிக் பூட்டு. கிளட்ச், பிரேக்கர், பொத்தான் எதுவும் இதைக் காப்பாற்றாது, இது மின்சாரப் பிரச்சினையே இல்லை.

ஆகவே ஓட்டையைத் தேர்ந்தெடுப்பது இரண்டு ஆசைகளுக்கு நடுவே செய்கிற சமரசம். நடுநிலையில் ஸ்டிக் இருக்கும்போது சர்வோ கையும் கம்பியும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். ஓரங்களில் கை அறுபது டிகிரிக்குள் நின்றுவிட்டால் நிம்மதி, தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அவர் சொல்வதே சட்டம். விமானத்தின் சொந்தத் தடுப்புகள்தான் எய்லரானையும் எலிவேட்டரையும் நிறுத்த வேண்டும், சர்வோ முதலில் முட்டக் கூடாது. சர்வோவோடு வருகிற கைத்தடுப்பு பிராக்கெட்டைப் "இதெல்லாம் எதற்கு" என்று பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். அப்புறம் இதைச் சரிபார்க்கும்போது எய்லரானை இணைக்காமல் வெறும் ஸ்டிக்கை மட்டும் ஆட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், முழு இணைப்போடு, இரண்டு ஸ்டிக்குகளையும், எல்லா மூலைகளுக்கும் கொண்டு போய்ப் பாருங்கள். முன்னும் பின்னும் மட்டுமில்லாமல், பிட்ச்சும் ரோலும் சேர்ந்த மூலைகளுக்கும்.

சர்வோ சிக்கிக்கொண்டால் எப்படி விடுபடுவது என்பது அடுத்தது. மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. சில சர்வோக்களில் மின்சாரம் போனதும் மின்காந்தக் கிளட்ச் விலகி மோட்டாரைத் துண்டித்துவிடும். கார்மினின் ஜிஎஸ்ஏ 28 சர்வோ மின்சாரம் இல்லாதபோது பல்சக்கரங்களையே பிரித்து வைக்கிறது. சிலவற்றில் வழுக்குக் கிளட்ச், அளவுக்கு மேல் விசை வந்தால் நழுவும், மறுபடி பிடிக்கும். வேறு சிலவற்றில் ஷியர் ஸ்க்ரூ, பலமாக இழுத்தால் உடையும். உடைந்தபின் அன்றைக்கு ஆட்டோபைலட் கிடையாது, ஆனால் விமானம் உங்களுடையது. எது உயர்ந்தது என்று சண்டை ஓயாது. எனக்கு இப்படி விடுபடும் வழிகள் இரண்டு சேர்ந்தே இருப்பது பிடிக்கும். எதை எடுத்தாலும், மின்சாரம் இல்லாதபோது ஸ்டிக்கில் எவ்வளவு இழுவை மிச்சமிருக்கிறது என்று தராசு வைத்து அளந்து பாருங்கள். கிளட்ச் இல்லாத ஸ்டெப்பர் மோட்டார்கள் ஆஃப் ஆனாலும் லேசாகப் பிடித்திருக்கும், நல்ல மென்மையான ஸ்டிக்கைக் கொஞ்சம் மந்தமாக்கும்.

பிராக்கெட் வளையக் கூடாது. சர்வோ தள்ளும்போது ஸ்டிக்குக்குப் பதில் மெல்லிய தகடு நெளிந்தால், மூளை "தள்ளினேனே, ஒன்றும் நடக்கவில்லையே" என்று இன்னும் தள்ளும், அப்புறம் அதிகமாகிவிட்டது என்று திரும்ப இழுக்கும். வானத்தில் இது ஓயாத தள்ளாட்டமாகத் தெரியும், நீங்கள் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

படி 5: சென்சாரும் வயரும்

என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. திசையறியும் மேக்னட்டோமீட்டரை வால்பக்கத்தில், இரும்பு எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து மாட்டினேன். தரையில் அளவுத்திருத்தம் அருமையாக வந்தது. பறக்கும்போது திசையைப் பிடிக்கச் சொன்னால் சில நாள் பிடிக்கும், சில நாள் பத்துப் பன்னிரண்டு டிகிரி தள்ளிப் பிடிக்கும். இரண்டு மாதம் மென்பொருளில் தேடினேன். கடைசியில் பார்த்தால் வால்விளக்கின் வயர் அந்தச் சென்சாருக்கு ஒரு சாண் தூரத்தில் போகிறது, அதன் நெகட்டிவ் திரும்பி வருவது உலோக உடல் வழியாக. விளக்கு எரிந்தால் அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம், திசை கோணல். பாசிட்டிவும் நெகட்டிவும் இரண்டும் வயராகவே போய், ஒன்றோடொன்று முறுக்கி இருந்தால் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே ஒரு சோதனை: இன்ஜின் ஓடும்போது, ஒவ்வொரு விளக்கையும், பம்பையும், ட்ரிம் மோட்டாரையும் தனித்தனியாகப் போட்டு அணைத்துத் திசை எண் நகர்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கையும் ஆட்டிப் பாருங்கள், அருகில் எஃகுத் தள்ளுகம்பி இருந்தால் அதுவும் திசையைத் திருப்பும்.

உயரம் பிடிப்பது, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவருகிற ஸ்டாட்டிக் குழாயை நம்பி நடக்கிறது. அதில் கசிவு இருந்தால் உயரம் மேலும் கீழும் மிதக்கும். பிட்ச் சர்வோவைத் திட்டுவதற்கு முன் கசிவுச் சோதனை செய்துவிடுங்கள்.

ஜிபிஎஸ் இணைப்பில் ஒரு நுணுக்கம். எளிமையான இணைப்பில் ஆட்டோபைலட்டுக்குத் தெரிவது பாதையிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதும், இப்போதைய பாதையின் திசையும்தான். திருப்பம் வந்தபின்தான் திருப்பத்தை அறியும். விமானக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுகிற ஏரிங்க் 429 இணைப்பில் ரோல் ஸ்டீரிங் கட்டளை வரும், அதன் லேபிள் எண் 121; வழிகாட்டும் ஜிபிஎஸ் பெட்டியான நேவிகேட்டரே எவ்வளவு சாய வேண்டும் என்று அதில் முன்கூட்டிச் சொல்லிவிடும், திருப்பம் வெண்ணெய்போல் வழுக்கும். மேகத்துக்குள் ஓடுபாதையை நோக்கி இறங்கி வருகிற வேலையை ஆட்டோபைலட்டிடம் கொடுக்க நினைப்பவர்கள் இந்த இணைப்பும், செங்குத்து வழிகாட்டலும், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட நேவிகேட்டரும் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வெயிலில் பறக்கிறவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

ஸ்டிக்கிலேயே கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் துண்டிப்புப் பொத்தான் வேண்டும். சர்வோக்களுக்கென்று தனி சர்க்யூட் பிரேக்கரோ சுவிட்சோ, பெல்ட் மாட்டிய நிலையில் கைக்கு எட்டும் இடத்தில், மற்றவற்றோடு கலக்காத நிறத்தில். திரையையும் சர்வோவையும் ஒரே பிரேக்கரில் தொங்கவிடாதீர்கள், ஒன்றை அணைக்க மற்றதை இழக்க நேரும்.

படி 6: விமானம் நேராகப் பறக்கிறதா?

கோணல் விமானத்தை ஆட்டோபைலட் நிமிர்த்தாது. ஒரு இறக்கை கனமாக இருந்தால் சர்வோ நாள்முழுவதும் அந்தப் பக்கம் தாங்கிக்கொண்டே இருக்கும், வழுக்குக் கிளட்ச் நழுவும், கொந்தளிப்பில் கைவிடும். முதலில் கையை எடுத்தால் விமானம் கொஞ்ச நேரமாவது நேராகப் போகும்படி ரிக்கிங்கை, அதாவது இறக்கைகளும் கட்டுப்பாட்டுப் பரப்புகளும் பொருந்தியிருக்கிற கோணங்களைச் சரிசெய்யுங்கள். கட்டுப்பாட்டு இணைப்புகளில் உராய்வும் தளர்ச்சியும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்றாக எந்த ஆட்டோபைலட்டும் பறக்கும்.

பிட்ச் ட்ரிம்மை ஆட்டோபைலட்டே சரிசெய்து கொள்கிற வசதி இருக்கிறது. நல்ல வசதிதான். இல்லாதவற்றில் "மூக்கு மேலே ட்ரிம் செய்" என்று காட்டும், நீங்கள் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டுவிட்டுத் துண்டித்தால் மூக்கு குதிக்கும். தானியங்கி ட்ரிம் எடுக்கிறவர்கள், ட்ரிம் மோட்டார் நிற்காமல் ஓடினால் அதை எப்படி நிறுத்துவது என்று தரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள்.

படி 7: தரையில்

ஹேங்கரில் உட்கார்ந்து ஆட்டோபைலட்டைப் போடுங்கள். திசைக் குறியை வலப்பக்கம் திருப்பினால் ஸ்டிக் வலப்பக்கம் போக வேண்டும். உயரம் கூட்டச் சொன்னால் ஸ்டிக் உங்களை நோக்கி வர வேண்டும். சிரிக்காதீர்கள், சர்வோவை எந்தப் பக்கம் மாட்டினோம் என்பதைப் பொறுத்துத் திசை தலைகீழாகும், அமைப்புகளில் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். அப்புறம் அது தள்ளும்போது கையால் எதிர்த்துத் தோற்கடியுங்கள், தராசு வைத்து அளந்து படி 4-ல் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். பொத்தானால் துண்டியுங்கள். பிரேக்கரால் துண்டியுங்கள். இதில் எது தோற்றாலும் அன்று பறப்பு இல்லை.

படி 8: வானத்தில்

முதல் சில பறப்புகளில் அதைத் தொடவே வேண்டாம், பிரேக்கரை இழுத்தே வைத்திருங்கள். விமானத்தின் குணம் முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் நாட்டின் சோதனைப் பறப்பு விதிகள் என்ன சொல்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு காற்று அசையாத ஒரு விடியற்காலை, நல்ல உயரம், பாதி வேகம் தாண்டிய நிதானமான பறப்பு, கை ஸ்டிக்கைச் சுற்றித் தளர்வாக. முதலில் ரோல் மட்டும். உணர்திறன் எண்ணைக் குறைவாக வைத்துத் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். மிகக் குறைவாக இருந்தால் மூக்கு சோம்பேறித்தனமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். மிக அதிகமானால் ஸ்டிக் நடுங்கும், எய்லரான் படபடக்கும். நடுக்கம் தெரிந்ததும் ஒன்றிரண்டு படி குறைத்து அங்கேயே விடுங்கள். ரோல் அடங்கியபின்தான் பிட்ச். பிட்ச் அடங்கியபின்தான் ஜிபிஎஸ் பாதை. ஒரு தடவைக்கு ஓர் எண், அதுவும் மாற்றுவதற்கு முன் பழைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டு. இதே சோதனையை மெதுவான வேகத்திலும், முழு எரிபொருளோடும், இன்னொருவர் உட்கார்ந்திருக்கும்போதும் திரும்பச் செய்யுங்கள், ஒரு வேகத்தில் பட்டுப்போல் இருப்பது இன்னொன்றில் நடுங்கலாம்.

ஏறும்போது ஒரு எச்சரிக்கை. நிமிஷத்துக்கு இத்தனை அடி ஏறு என்று செங்குத்து வேகத்தைக் கொடுத்தால், அது அதைத்தான் செய்யும், வேகமானியைக் கவலைப்படாது. உயரம் ஏற ஏற இன்ஜினின் பலம் குறையும், கேட்ட வீதத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும், கடைசியில் ஸ்டால், அதாவது வேகம் செத்து இறக்கை தூக்குவதை விட்டுவிடும். காற்றுவேகத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் முறை இருந்தால் அதையே பழகுங்கள். உயரத்தைப் பிடித்திருக்கும்போது கார்புரேட்டரில் பனி பிடித்து இன்ஜின் மெல்லத் தளர்ந்தாலும் இதே கதை: நீங்கள் ஓட்டியிருந்தால் கையில் தெரிந்திருக்கும், அது சொல்லாமல் மூக்கைத் தூக்கி மறைத்துவிடும். குறைந்தபட்ச வேகத்தைக் காக்கிற அமைப்பு உங்கள் பெட்டியில் இருந்தால், எண்ணைப் போட்டு, பாதுகாப்பான உயரத்தில் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழையது வாங்கலாமா, அப்புறம் சில சில்லறை விஷயங்கள்

பழைய சர்வோ மலிவாகக் கிடைக்கும். கிளட்சின் தேய்மானமும், மென்பொருளின் பதிப்பும், தயாரிப்பாளர் இன்னும் பழுது பார்க்கிறாரா என்பதும் தெரியாமல் வாங்காதீர்கள். 1931-ல் ஹெரால்ட் காட்டியை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு 8 நாள் 15 மணி 51 நிமிஷத்தில் விமானத்தில் உலகைச் சுற்றிய அமெரிக்க விமானி வைலி போஸ்ட், 1933-ல் ஸ்பெர்ரியின் ஆட்டோபைலட்டை வைத்துக்கொண்டு தனியாகவே 7 நாள் 18 மணி 49 நிமிஷத்தில் சுற்றினார். ஆனால் அந்தக் கருவியைப் பழுது பார்ப்பதற்காகவே வழியில் இறங்கவும் வேண்டியிருந்தது. பழுது பார்க்க ஆள் இருந்ததால் மறுபடி கிளம்ப முடிந்தது. விற்கிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

ஆண்டுச் சோதனையில் சர்வோவின் போல்ட்டுகள், கம்பியின் முனை பேரிங்குகள், கனெக்டர் ஊசிகள், ஷியர் ஸ்க்ரூ இவற்றுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். மென்பொருளைப் புதுப்பித்தால் அமைப்புகள் சில சமயம் பழைய நிலைக்குப் போய்விடும், எழுதி வைத்த எண்களைத் திரும்பப் போட்டு, திசைக் குறியை வலப்பக்கம் திருப்பி, ஸ்டிக் எந்தப் பக்கம் போகிறது என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.